எனாமலுக்கு அடியில் ஒரு சாஸ்தா: குமரி எல்லையோரம் ஐந்து நாட்கள்

முதல் நாள் – குற்றாலம்

மதுரையிலிருந்து காலைப் பேருந்தில் புறப்பட்டுத் தென்காசி வழியாகக் குற்றாலம் வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி ஆகியிருந்தது. அருவியில் தண்ணீர் மெலிந்திருந்ததால் கூட்டம் இல்லை. நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபையின் சுவர்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தெற்கே இறங்கி, கேரள எல்லையை ஒட்டியே பயணம் செய்து, கல்குளம் பக்கத்தில் என் தாய்மாமா வசிக்கும் ஊரின் சிறிய சாஸ்தா கோயிலுக்குப் போவது என் திட்டம். அந்தக் கோயில் சுவரை நான் கடைசியாகப் பார்த்துப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு வகுப்பறைச் சிரிப்பு. நான் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். சென்ற மாதம் மாணவர்களுக்கு ஸ்பெயின் நாட்டின் போர்ஹா என்ற சிற்றூரில் 2012ஆம் ஆண்டு நடந்ததைப் படங்களுடன் சொன்னேன். அங்குள்ள ஒரு தேவாலயச் சுவரில், முள்முடி சூடிய இயேசுவின் முகத்தை எலியாஸ் கார்சியா மார்ட்டினெஸ் என்ற ஓவியர் 1930ஆம் ஆண்டு வாக்கில் வரைந்திருந்தார். ஈரம் ஏறிச் சுவர் பொரிந்து, முகத்தின் பகுதிகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கோயிலை நேசித்த, எண்பது வயதைக் கடந்த செசிலியா ஹிமெனெஸ் என்ற மூதாட்டி, தாமே தூரிகையை எடுத்து அதைச் சரிசெய்ய முனைந்தார். வேலை பாதியில் நின்றிருந்த நிலையில் அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது. முதலில் யாரோ விஷமிகள் சுவரைச் சிதைத்துவிட்டதாகவே நினைத்தார்கள். பிறகு அதைக் குரங்கு முகம் என்று பெயரிட்டுச் சிரித்தார்கள். என் மாணவர்களும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். "யாராவது இப்படிச் செய்வார்களா?" என்று வகுப்பில் கேட்டேன். அன்று இரவு படுக்கும்போது, அப்படிச் செய்த ஒருவர் என் குடும்பத்திலேயே இருக்கிறார் என்பதும், அவரை ஊரார் முன்னிலையில் நான் கடுமையாகப் பேசியிருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வந்து தூக்கம் போய்விட்டது.

சித்திர சபை பெரிய கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக இருக்கிறது. உள்ளே சுவர் முழுவதும் தெய்வங்களும் புராணக் காட்சிகளும் நெருக்கமாக நிற்கின்றன. ஓவியம் பயின்ற கண்ணுக்கு, எல்லாம் ஒரே கையால் எழுதியவையாகத் தெரியவில்லை. ஓரிடத்தில் கோடு நிதானமாக ஓடி வளைகிறது, அடுத்த உருவத்தில் அதே வளைவு தயங்கித் தயங்கிப் போகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் கோயில்களில் மங்கிய படத்தின் மேல் மறுபடி எழுதுவது திருப்பணியின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்து, இரண்டையும் காப்பாற்றினார்கள். மேலே எழுதியவர்களும் சுண்ணாம்புக் காரையின் மேல்தான் எழுதினார்கள் என்பதை இன்று அந்தச் சபைக்குள் நின்றபோது நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் – பத்மநாபபுரம்

திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் தக்கலை வந்து இறங்கினேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்தபோதும், பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது. நிலம் ஓர் அரசுடையது, அதன்மேல் நிற்கும் மரமும் சுவரும் இன்னோர் அரசின் கவனிப்பில் உள்ளன. வழிகாட்டிகள் மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசுகிறார்கள், கேட்பவர்கள் இரண்டையும் இயல்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மார்த்தாண்ட வர்மா கட்டிய உப்பரிகை மாளிகையின் உச்சித் தளம் ஸ்ரீபத்மநாபருக்கென ஒதுக்கப்பட்டது. அதன் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் நிறைந்துள்ளன. அந்தத் தளத்தைப் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் கடந்து வந்த சிலர் படிக்கட்டின் அடியில் நின்று குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பூட்டு ஆறுதலாக இருந்தது. நூறு பேருடைய மூச்சின் ஈரமும் தோளின் உரசலும் சுவருக்கு என்ன செய்யும் என்பது வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும், வல்லுநர் கை பட்டால் போதும், எல்லாம் நலமாகிவிடும் என்று சொல்ல என்னால் இயலவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாமின் அரசு அஜந்தா ஓவியங்களைக் காப்பதற்காக இத்தாலியிலிருந்து செக்கோனி என்ற தேர்ந்த வல்லுநரை வரவழைத்தது. அவர் உதிரும் காரையைச் சுவரோடு ஒட்டவைத்து நன்மை செய்தார். ஆனால் வண்ணங்களின் மேல் பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிப் பழுப்பேறி, ஓவியங்களையே மறைத்தது. அதை நீக்கப் பின்னால் வந்தவர்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. சுவருக்குத் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேற்றுமை இல்லை. பூசிய பொருள் ஒத்துக்கொள்கிறதா என்பதற்கே அது பதில் சொல்கிறது. மாமாவை அன்று நான் பேசிய பேச்சில் பொருளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, அழகைப் பற்றி மட்டுமே பேசினேன். அன்று எனக்கே பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாள் – திருநந்திக்கரை, பிறகு மாமாவின் ஊர்

காலையில் திருநந்திக்கரைக் குடைவரைக்குப் போனேன். சிவாலய ஓட்டத்தில் அடியார்கள் ஓடிக் கடக்கும் பன்னிரண்டு தலங்களுள் இந்த ஊரும் ஒன்று. பாறைக்குள் குடைந்த மண்டபத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஓவியங்களின் எச்சமாகச் சில கோடுகளும் மங்கிய நிறத் திட்டுகளும் எஞ்சியிருக்கின்றன. ஒரு முகத்தின் பாதி தெரிகிறது, மறுபாதி பாறையாக இருக்கிறது. அந்தப் பாதியை யாரும் இட்டு நிரப்பவில்லை.

நண்பகலில் மாமாவின் ஊருக்குப் போனேன். ஊரின் பெயரை எழுதுவதில்லை என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் என்னைக் கண்டதும், "வா மக்களே, வெயில்ல வந்திருக்கியே" என்றார். பதினாறு ஆண்டுகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாமி மட்டும், இலையில் சோறு போடும்போது, "இப்பமாவது வந்தியே பிள்ளே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். சாஸ்தா கோயில் முன்மண்டபத்தின் வடக்குச் சுவரில், வில்லேந்தி வேட்டைக்குச் செல்லும் சாஸ்தாவைக் குதிரைமேல் எழுதியிருந்தார்கள். ஏறத்தாழ ஐந்தடி உயரம், காவியும் மஞ்சளும் பச்சையும் கொண்ட மலையாள மரபு ஓவியம். என் சிறு வயதில் பாட்டி அந்தக் குதிரையின் குளம்பைத் தொட்டு என் நெற்றியில் வைப்பார். ஓட்டுக் கூரை ஒழுகி, சுவரில் உப்புப் பூத்து, குதிரையின் முன்னங்காலும் சாஸ்தாவின் தோளும் உதிரத் தொடங்கின. கும்பாபிஷேகம் நெருங்கியபோது ஊர்க் கமிட்டியிடம் பணம் இல்லை. மாமா தம்முடைய ஓய்வூதியத்தில் இரண்டு மாதத் தொகையை எடுத்து, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் ஒருவரை அழைத்துவந்தார். அந்த மனிதர் நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து, செருப்பில்லாமல் வந்து, வேலையைத் தொடங்கினார். பொரிந்ததைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தார். பட்டி பார்த்தார். அதன்மேல் எனாமல் பெயிண்டால் சாஸ்தாவை எழுதினார். ரோஜா நிறக் கன்னம், நீலப் பின்னணி, நாட்காட்டிப் படங்களில் இருப்பது போன்ற சிரிப்பு.

ஊர் மகிழ்ந்தது. இதைத்தான் நான் அன்று புரிந்துகொள்ள மறுத்தேன். "இப்பதான் சாமி பளிச்சுன்னு இருக்கு" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். போர்ஹாவில் உலகமே சிரித்தது, இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் வருந்தவும் இல்லை. நம் பக்கத்தில் பழைய சுவர் ஓவியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் மறைகின்றன. வெள்ளையடிப்பும் டிஸ்டெம்பரும், மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுரண்டும் மணல் வீச்சும் விழாக் கோலத்தோடு வருகின்றன, நாதசுர ஓசையில் போன சித்திரத்தைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. தமிழகத்துத் தொன்மையான கோயில்களின் பாதுகாப்புக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பை வழங்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இழப்பின் அளவை உணரலாம்.

அன்று நான் மட்டும் எதிர்த்துப் பேசினேன். கும்பாபிஷேகப் பந்தியில், நூறு பேர் உண்டுகொண்டிருந்தபோது, "முந்நூறு வருஷத்துச் சொத்தை நாசம் பண்ணிட்டீங்க மாமா" என்றேன். மாமா இலையை மடிக்காமல் எழுந்து போனார்.

சென்ற ஆண்டு, ஊரைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் இந்தச் சாஸ்தாவின் படத்தையும் ஸ்பெயின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸ்அப்பில் பரப்பியிருக்கிறார்கள். பேரனின் கைப்பேசியில் மாமா அதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவர் விடியற்காலை நான்கரை மணிக்கு, வேறு யாரும் வருமுன், கோயிலுக்குப் போய்த் திரும்பிவிடுகிறார் என்று மாமி சொன்னார். போர்ஹாவின் அந்த மூதாட்டியும் செய்தி பரவிய நாட்களில் மனப்பதற்றத்தால் படுக்கையில் விழுந்தார் என்று படித்திருக்கிறேன். வகுப்பில் அதைச் சொல்லாமல் விட்டேன். வரும் வாரம் சொல்வேன்.

மாலையில் கோயில் திறந்தது. எனாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. சில கொப்புளங்கள் உடைந்து, காய்ந்த வாழைச்சருகு போலச் சுருண்டு தொங்குகின்றன. தரையில் கிடந்த ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் நீல எனாமல். பின்பக்கம், மெல்லிய சுண்ணாம்புத் தோலோடு, பழைய காவி நிறம். புதிய படம் உரியும்போது பழைய படத்தையும் முதுகில் சுமந்துகொண்டு வருகிறது.

மாமா மடிசஞ்சியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பழைய வேட்டித் துண்டில் பொதிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள். "பெருக்கிக் குப்பையில தள்ளுறாங்க. மனசு கேக்கல" என்றார். மூன்று ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறாராம்.

நான்காம் நாள் – நெய்யாற்றின்கரை

களியக்காவிளையில் எல்லையைக் கடந்தோம். மாமாவும் உடன் வந்தார், டப்பாவைப் பேருந்தில் மடியிலேயே வைத்திருந்தார். நெய்யாற்றின்கரையில் சுவரோவியக் கலைஞர் ஒருவர் இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். குருவாயூர் தேவஸ்தானம் 1989இல் தொடங்கிய சுவரோவியப் பயிற்சி நிலையத்தில் பயின்றவர். தமிழ் நன்றாகப் பேசுகிறார், அவருடைய அம்மா பாறசாலைத் தமிழர்.

அவர் சில்லுகளை ஒவ்வொன்றாக வெயிலில் வைத்துப் பார்த்தார். பிறகு சுவர் எப்படி ஆகிறது என்று விளக்கினார். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்ந்த காரை. அது காய்ந்தபின் இளநீரில் கரைத்த சுண்ணாம்பை இருபத்தைந்து, முப்பது முறை மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். அந்த வெண்மையின் மேல் மஞ்சள் காவியால் கோடு, பிறகு மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நிறங்கள். காவிக்கல்லை அரைத்துச் சிவப்பும் மஞ்சளும் எடுப்பார்கள், அவுரியோடு எரவிக்கரைப் பிசினைச் சேர்த்துப் பச்சை செய்வார்கள், நல்லெண்ணெய் விளக்கின் கரியிலிருந்து கறுப்பு வரும். ஒட்டுவதற்கு வேப்பம் பிசின். கறுப்புக் கோட்டால் உருவத்தை நிறைவு செய்து, கடைசியில் கண் திறப்பார்கள். வெள்ளை நிறத்தை எங்கே எடுப்பீர்கள் என்று கேட்டேன். "வெள்ளை தேய்க்கறதே இல்ல. வெள்ளை வேணும்னா சுவரை அப்படியே விட்டுடுவோம்" என்றார்.

எனாமல் என்ன செய்தது என்பதையும் அவரே சொன்னார். சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தைக் குடித்து, வெயிலில் வெளியே விடும். எனாமல் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய நீர் கரைத்துக் கொண்டுவரும் உப்பு, வெளியேற இடமில்லாமல் பூச்சுக்கு அடியிலேயே படிகமாகி, பிளந்து தள்ளுகிறது. எனாமல் பட்டியோடும், பட்டி பழைய வண்ணத்தோடும் பற்றியிருப்பதால் மூன்றும் ஒன்றாக உரிகின்றன.

மாமா இதையெல்லாம் மாணவரைப் போலக் கைகட்டிக் கேட்டார். பிறகு, "அப்பம் நான் செஞ்சது பாவந்தானே?" என்று நேராகக் கேட்டார்.

கலைஞர் உடனே பதில் சொல்லவில்லை. 1970 நவம்பர் 30ஆம் தேதி குருவாயூர்க் கோயிலில் தீப்பிடித்து, கருவறைச் சுவரின் பழைய ஓவியங்கள் அழிந்ததைச் சொன்னார். அதன்பின் மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயரும் அவருடன் சேர்ந்தவர்களும் தெய்வங்களின் உருவத்தை விவரிக்கும் தியான சுலோகங்களைக் கொண்டும் பழைய முறையைக் கொண்டும் அந்தச் சுவர்களை மறுபடி எழுதினார்கள். எரிந்துபோன இடத்தில் எழுதினார்கள். அவர்களிடமிருந்துதான் இன்றைய தலைமுறைக்கு அந்த வித்தை வந்தது. "மறுபடி எழுதறது பாவமில்ல சார். நம்ம மரபே அதுதான். ஆனா முதல்ல கூரையைப் பார்த்திருக்கணும்" என்றார்.

கூரை என்ற சொல்லைக் கேட்டதும் மாமா நிமிர்ந்தார். பதினாறு ஆண்டுகளாக அது ஒழுகிக்கொண்டே இருக்கிறது. போர்ஹாவிலும் ஈரந்தான் நோய். அந்த முகத்தை எழுதிய ஓவியரே காய்ந்த சுவரின் மேல் எண்ணெய் வண்ணத்தால் இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள், சுவரோடு இறுகப் பிணையாத வண்ணம் ஈரத்தில் பொரிந்தது. அவ்வளவு ஆண்டுகள் சுவரின் ஈரத்தை யாரும் பார்க்கவில்லை. தூரிகை எடுத்தவரை மட்டும் உலகம் பார்த்தது. பிறகு அந்தப் படத்தை அப்படியே வைத்திருக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், நுழைவுக் கட்டணம் வைக்கும் அளவுக்குக் கூட்டம் வந்தது, வருமானம் முதியோர் இல்லத்துக்கு உதவியது. அதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் மறந்துபோகும் சிரிப்பால் எந்த ஊரின் சுவரும் காப்பாற்றப்படவில்லை. 2018இல் அதே நாட்டில் எஸ்டெல்லா என்ற ஊரின் 16ஆம் நூற்றாண்டு மரச்சிற்பமான புனித ஜார்ஜுக்குப் பளிச்சென்ற வண்ணம் பூசினார்கள். அதை நீக்கி, இயன்றவரை பழைய நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 30,000 யூரோ செலவானது. மரத்தில் அது ஓரளவு இயன்றது. எங்கள் சுவரில் கம்பித் தூரிகை போன இடத்தில் எடுப்பதற்கு அடியில் ஒன்றும் இருக்காது.

எனாமலைச் சுரண்டித் தரும்படி மாமா கேட்டார். கலைஞர் மறுத்தார். கூரையை மாற்றி, இரண்டு மழைக்காலம் சுவர் உலரட்டும், எதையும் தொடாமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வோர் அடியையும் படம் எடுத்து வையுங்கள், இனி விழும் சில்லு எந்த இடத்தில் விழுந்தது என்று தேதியோடு எழுதுங்கள் என்றார். கூலி வாங்கவில்லை. மாமா கொண்டுவந்திருந்த நேந்திரங்குலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் – மீண்டும் மாமாவின் ஊர்

காலையில் மாமாவின் பேரனும் தெருப்பையன்கள் இருவரும் கூரையில் ஏறினார்கள். அந்த இருவரில் ஒருவன்தான் வாட்ஸ்அப் படத்தைப் பரப்பியவன் என்று மாமி காதோடு சொன்னார். உடைந்த ஓடுகள் முப்பத்தேழு. மாமா கீழே நின்று எண்ணிச் சொல்ல, அவன் மேலிருந்து இறக்கினான். இருவரும் வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நான் கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, ஓரடிக்கு ஒரு படமாக எடுத்தேன். நண்பகல்வரை அந்த வேலை நீடித்தது. கந்தசாமிக் கொத்தனார் இருந்திருந்தால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும் என்று மாமா இரண்டு முறை சொன்னார். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

உணவுக்குப் பின் மாமி பரணிலிருந்து ஒரு கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்தார். என் அம்மாவின் திருமணம் அந்த மண்டபத்தில்தான் நடந்தது. ஒரு படத்தில், மாலையிட்டு நிற்கும் இருவருக்கும் பின்னால், சாஸ்தாவின் முழங்காலும் குதிரையின் கழுத்தும் தெளிவாக விழுந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை அந்த ஓவியத்துக்கு இருக்கும் ஒரே பதிவு அது. கறுப்பு வெள்ளைப் படம்.

நிறங்களை நினைவிலிருந்து எழுதிவைக்கலாம் என்று நோட்டைத் திறந்தேன். கச்சை சிவப்பு என்றார் மாமா. உடம்பு பச்சை. அணிகலன் மஞ்சள். குதிரை என்ன நிறம் என்று கேட்டேன்.

"வெள்ளை" என்றார். சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று கேட்டது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். படத்தில் குதிரையின் கழுத்தும் பக்கத்துச் சுவரும் ஒரே வெளுப்பாக இருந்தன, நடுவே ஒரு கறுப்புக் கோடு மட்டும் ஓடியது.

"குதிரைக்குன்னே ரெண்டு டப்பா வெள்ளை தனியா வாங்கினேன் மக்களே" என்றார் மாமா.